கரும்பு வில் யார் கையில்?

நீங்கள் கேட்டது இது. உடன் வேலை பார்க்கும் வெளிநாட்டு நண்பர், "ரோமர்களுக்கு க்யூபிட், கிரேக்கர்களுக்கு அஃப்ரோடைட்டி, இந்துக்களுக்குக் காதல் கடவுள் யார்?" என்று கேட்டிருக்கிறார். மன்மதன் என்று சொல்லியிருக்கிறீர்கள். "அவருடைய பெரிய கோயில் எங்கே?" என்று அவர் அடுத்துக் கேட்டதும் உங்களுக்குப் பதில் வரவில்லை. ராதை கிருஷ்ணனைச் சொல்வதா, வள்ளி முருகனைச் சொல்வதா என்ற குழப்பம் வேறு. கடைசி வரியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "ஆசையை விடச் சொல்கிற மதம்தானே நம்முடையது, பிறகு ஆசைக்கு எதற்கு ஒரு கடவுள்?" எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. தெய்வங்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் கிடைக்கும். காதலுக்கு ஒரு தெய்வத்தை வைத்து, அதை எரித்து, பிறகு உடம்பில்லாமல் உயிரோடு வைத்திருக்கும் ஒரு மரபு ஆசையை எப்படிப் பார்க்கிறது என்று சொல்லத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

நான் கல்லூரியில் 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழ் இலக்கியம் நடத்தியவன். சமஸ்கிருதம் நடுவயதில் பாடம் கேட்டுப் படித்தது. காளிதாசனை மூலத்தில் நிதானமாகப் படிப்பேன். வேதப் பாடல் என்றால் உரையும் அகராதியும் பக்கத்தில் வேண்டும். வங்காளத்திலும் விருந்தாவனத்திலும் நடக்கிற வழிபாட்டை நூல்கள் வழியாகத்தான் அறிவேன். அதனால் தமிழ்ப் பக்கம் வரும்போது விரிவாகவும், வடக்கே போகும்போது சுருக்கமாகவும் சொல்கிறேன்.

நண்பருக்கு முதலில் ஒன்றைப் புரியவைக்க வேண்டும். இந்து மதத்துக்கு ஒரே நிறுவனர் இல்லை, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே நூலும் இல்லை. துறைக்கு ஓர் அமைச்சர் என்பதுபோல மழைக்கு ஒருவர், போருக்கு ஒருவர், காதலுக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்த ஏற்பாடும் இல்லை. வேத காலத்தில் அப்படி ஓரளவு இருந்தது. பிற்காலத்தில் சிவன், திருமால், அம்மன், முருகன் என்று யாரை வழிபட்டாலும், அந்த ஒரு தெய்வத்திடமே எல்லாவற்றையும் கேட்கலாம் என்று ஆகிவிட்டது. கல்யாணம் கூடி வர ஒருவர் திருமணஞ்சேரிக்குப் போவார், இன்னொருவர் குலதெய்வத்திடம் போவார். இரண்டும் சரிதான். ஆகவே "காதல் கடவுள் யார்?" என்ற கேள்விக்கு க்யூபிட் போல ஒரே சொல்லில் பதில் தேடினால், கிடைக்கிற பதில் பாதிதான் உண்மையாக இருக்கும்.

அப்புறம், ஆசையை விடச் சொல்கிற மதம் என்பது. துறவிகளுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மனிதன் அடைய வேண்டியவை நான்கு என்று எண்ணியபோது அறம், பொருள், இன்பம், வீடு என்று இன்பத்தையும் சேர்த்தே எண்ணினார்கள். வடமொழியில் அந்த மூன்றாவதற்குப் பெயர் காமம். ஆசை என்ற பொதுப்பொருளும் காதல் என்ற தனிப்பொருளும் தெய்வத்தின் பெயரும் அந்த ஒரே சொல்தான். இன்று தமிழில் காமம் என்றால் முகம் சுளிக்கிறோம்; வள்ளுவர் காலத்தில் அப்படி இல்லை. 25 அதிகாரங்கள், 250 குறள்கள் அந்தப் பெயரில் இருக்கின்றன. பகவத்கீதையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில், மனிதனைப் பாவத்தில் தள்ளுவது காமம், அதை எதிரி என்று அறிந்துகொள் என்கிறான் கிருஷ்ணன். ஏழாம் அத்தியாயத்தில் அவனே, உயிர்களிடம் அறத்துக்கு முரணாகாத காமமாக இருப்பது நான் என்கிறான். பத்தாம் அத்தியாயத்தில், உயிர்களைப் பிறப்பிக்கும் கந்தர்ப்பன் நான் என்கிறான். கந்தர்ப்பன் மன்மதனின் இன்னொரு பெயர். முதலில் சொன்னதை மட்டும் கேட்டவர்கள்தாம் ஆசையை விடச் சொல்லும் மதம் என்கிறார்கள்.

மன்மதன் எவ்வளவு பழையவன்? ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் படைப்பைப் பற்றிய ஒரு பாடல் இருக்கிறது. இருப்பதும் இல்லை, இல்லாததும் இல்லை என்ற நிலையில் தொடங்கும். அங்கே முதலில் எழுந்தது காமம், அது மனத்தின் முதல் வித்து என்று வருகிறது. அது இன்னும் வில்லும் அம்பும் ஏந்திய ஆள் அல்ல. உலகத்தை இருக்கவைத்த ஓர் உந்துதல். அதர்வ வேதத்தில் காமன் தெய்வமாகவே அழைக்கப்படுகிறான். ஒன்பதாம் காண்டத்தில், முதலில் பிறந்தவன் காமன், தேவர்களும் முன்னோரும் மனிதரும் அவனை எட்டவில்லை என்று போற்றும் பாடல் உண்டு. மூன்றாம் காண்டத்தில் ஒரு பெண்ணின் நெஞ்சில் காமனின் அம்பு பாயட்டும் என்று வேண்டும் பாடல் இருக்கிறது. அம்பு அப்போதே வந்துவிட்டது, ஆனால் பூ அம்பு அல்ல, கொடிய அம்பு. இந்தப் பாடல்களுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் காலம் ஆளுக்கு ஆள் மாறும்; மூவாயிரம் ஆண்டு அளவுக்குப் பழையவை என்பதில் பெரிய சண்டை இல்லை. க்யூபிடும் மன்மதனும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று பலர் எழுதுகிறார்கள். இருவர் கையிலும் வில் இருப்பது உண்மை, அதற்கு மேல் உறுதியான சான்று கிடையாது. காதல் திடீரென்று தைப்பதைப் பார்த்த எந்த ஊர்க்காரனுக்கும் அம்பு நினைவுக்கு வந்திருக்கலாம்.

நமக்குத் தெரிந்த மன்மதன் இதிகாச, புராண, காவிய காலத்தவன். கரும்பு வில், வண்டுகள் வரிசையாக நிற்கும் நாண், ஐந்து பூ அம்புகள், மீன் கொடி, வாகனம் கிளி. தமிழ்ப் புலவர்களுக்குத் தென்றல் தேர். தோழன் வசந்தன், மனைவி ரதி. ஐந்து பூக்கள் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்று பொதுவாகச் சொல்வார்கள்; நூலுக்கு நூல் வரிசை மாறும். பெற்றோர் யார் என்பதிலும் அப்படியே: திருமாலுக்கும் திருமகளுக்கும் மகன் என்பது ஒரு மரபு, பிரமனின் மனத்தில் பிறந்தவன் என்பது இன்னொன்று, மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் தருமனின் மகன். இதில் எது சரி என்று கேட்பதில் பயனில்லை, மூன்றும் வழக்கில் இருந்தவை. தமிழில் அவனுக்கு வேள், காமவேள், மாரன், மதனன், ஐங்கணைக் கிழவன் என்று பல பெயர்கள். முருகன் செவ்வேள், மன்மதன் கருவேள் என்று நிகண்டுகள், அதாவது பழைய சொற்பொருள் நூல்கள், இணைத்துச் சொல்வது எனக்கு மிகப் பிடித்த ஒன்று. மாரன் என்ற பெயர் பௌத்தத்திலும் உண்டு. புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவன். பௌத்தக் கவிஞர் அசுவகோசர் தம் காவியத்தில் உலகம் காமதேவன் என்று அழைப்பவனே இந்த மாரன் என்கிறார். வள்ளுவரின் தலைவி அவனை எப்படிப் பார்க்கிறாள் தெரியுமா? ஒருவர் பக்கம் மட்டும் நின்று வேலை செய்கிறானே, என் வருத்தமும் துன்பமும் அவன் கண்ணில் படவில்லையா என்கிறாள். "பருவரலும் பைதலும் காணான்கொல் காமன்" என்று தொடங்கும் குறள். ஒருதலைக் காதலுக்கு இதைவிட நேரான புகார் நான் படித்ததில்லை.

இனி எரித்த கதை. எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறோம். தாரகாசுரனைக் கொல்ல சிவனுக்கு ஒரு மகன் பிறக்க வேண்டும். சிவனோ தவத்தில் இருக்கிறார். இந்திரன் மன்மதனை அனுப்புகிறான். காளிதாசனின் குமாரசம்பவத்தில் மூன்றாம் சருக்கம் இது. மன்மதன் வில்லை வளைக்கிறான், பார்வதி பக்கத்தில் நிற்கிறாள். நிலவு எழும்போது கடல் அசைவதுபோல சிவனின் மனம் ஒரு கணம் அசைகிறது, கண்கள் அவள் முகத்தில் படிகின்றன. இது முக்கியம்: அம்பு வீணாகவில்லை. பிறகுதான் அவர் தம்மை அடக்கிக்கொண்டு, அசைத்தது யார் என்று சுற்றிப் பார்க்கிறார். "சினத்தை அடக்குங்கள், பிரபுவே" என்று தேவர்கள் வானில் கூவி முடிப்பதற்குள் நெற்றிக்கண் நெருப்பு மதனனைச் சாம்பலாக்கிவிடுகிறது. அடுத்த சருக்கம் முழுக்க ரதியின் புலம்பல். பாடம் நடத்தியபோதெல்லாம் இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும்.

அதற்கு அப்புறம்தான் கதையே இருக்கிறது. பார்வதி தன் அழகை நொந்துகொள்கிறாள். அழகால் ஆகாததைத் தவத்தால் அடைவேன் என்று கிளம்புகிறாள். கடைசியில் சிவனே மாணி (பிரம்மச்சாரி) வேடத்தில் வந்து அவளைச் சோதித்து, உருக்காட்டி, "இன்று முதல் நான் உன் தவத்தால் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை" என்கிறார். அடிமை என்ற சொல்லைக் காளிதாசன் சிவன் வாயில் வைக்கிறான். திருமணம் முடிந்ததும் தேவர்கள் மன்மதனுக்காக மன்றாடுகிறார்கள், சிவன் இசைகிறார், அவன் அம்புகள் தம்மீது படவும் இடம் கொடுக்கிறார். எரித்தது ஆசையை ஒழிக்கவா என்று என்னிடம் கேட்டால், கதை அப்படிச் சொல்லவில்லை என்றுதான் சொல்வேன். வெளியிலிருந்து ஏவப்பட்டு வந்த ஆசையை அவர் எரித்தார். எதிரில் நின்றவளின் உறுதிக்குத் தலை வணங்கினார். இது என் வாசிப்பு. யோக நூல்காரர்கள் காமத்தை வென்ற கதை என்று மட்டும் படிப்பார்கள், அதற்கும் இடம் இருக்கிறது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் என்றே ஒரு படலம் உண்டு. மன்மதன் மீண்டும் உயிர் பெற்றாலும் ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவோடு தெரிவான், மற்றவர்க்கு உருவமற்றவன் என்பது தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லும் முடிவு. அனங்கன் என்ற பெயர் அதனால்தான், அங்கம் இல்லாதவன். பெரிய கோயில் இல்லை என்பதற்குப் பக்தர்கள் சொல்லும் காரணமும் இதுவே.

அந்த நிகழ்ச்சி நடந்த இடம் என்று தமிழ்நாட்டில் ஓர் ஊரைச் சொல்வார்கள். மயிலாடுதுறைப் பக்கத்துத் திருக்குறுக்கை. மக்கள் வாயில் கொருக்கை. சிவனின் வீரச் செயல்களுக்கான எட்டு அட்டவீரட்டானத் தலங்களில் அது ஒன்று, அப்பர் பாடியது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாசி மாதம் அமாவாசை கழிந்ததும் தெருமுனையில் காமன் ஊன்றுவார்கள். ஆமணக்குச் செடி, கரும்பு, வைக்கோல் என்று சேர்த்துக் கட்டி நட்டு, பௌர்ணமியை ஒட்டி அதை எரிப்பார்கள். காமன் பண்டிகை, பேச்சில் காமாண்டி. எரிக்கும் முன் இரவெல்லாம் லாவணி நடக்கும். தஞ்சை மராட்டியர் ஆட்சிக் காலத்தில் வந்த பாட்டு வகை அது. டேப் என்ற தோல் கருவியும் துந்தினா என்ற நரம்புக் கருவியும் வைத்துக்கொண்டு இரண்டு குழுக்கள் எதிரெதிரே உட்காரும். ஒன்று எரிந்த கட்சி, மன்மதன் எரிந்தான் என்று பாடும். மற்றது எரியாத கட்சி, எரியவே இல்லை என்று பாடும். எரிந்துவிட்டான் என்றால் இந்த ஊரில் எப்படி இன்னும் தொட்டில் ஆடுகிறது என்று எரியாத கட்சிக்காரர் கேட்டதும், எதிர்க் கட்சி டேப்பைத் தட்டிக்கொண்டு புராணத்தை அடியடியாக எடுத்துப் போட்டதும் சிறுவயதில் திண்ணையில் படுத்தபடி நான் கேட்டவை. விடிய விடியப் பாடியும் யாரும் தோற்கவில்லை. பல ஊர்களில் இப்போது கூட்டம் குறைந்துவிட்டது. இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து இன்னும் ஆடப்படுகிறது. அங்கே எரிப்பதோடு விடாமல் மன்மதனை மீண்டும் எழுப்பியும் ஆடுகிறார்கள். கர்நாடகத்திலும் அந்தப் பௌர்ணமியைக் காமன் பெயரால்தான் சொல்வார்கள். வடக்கே அதே பௌர்ணமியில் ஹோலிகா என்ற அரக்கியின் கதையோடு ஹோலி வருகிறது. இரண்டும் ஒரே பழைய வசந்த விழாவின் கிளைகள் என்பது நியாயமான ஊகம், நிறுவப்பட்ட உண்மை அல்ல.

சரி, காமனுக்கு வழிபாடே இல்லையா? இருந்தது, உறுதியாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட ஹர்ஷர் பெயரில் வழங்கும் ரத்னாவளி நாடகம் வசந்த விழாவில்தான் தொடங்குகிறது. அரசி அசோக மரத்தடியில் காமனுக்குப் பூசை செய்கிறாள். மறைந்து நின்று பார்க்கும் பெண் அரசனையே காமன் நேரில் வந்து பூசை வாங்கிக்கொள்வதாக நினைத்துவிடுகிறாள். அதற்கும் முன்னால் நம் சிலப்பதிகாரம். கோவலன் மாதவியிடம் இருக்கும்போது தோழி தேவந்தி கண்ணகியிடம் வந்து, காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு நீர்த்துறைகள் உண்டு, அவற்றில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவரோடு சேர்ந்து வாழலாம், போய் வருவோம் வா என்கிறாள். கண்ணகி "பீடு அன்று" என்று இரண்டே சொல்லில் மறுக்கிறாள். அது பெருமை ஆகாது என்று பொருள். உடனே பணிப்பெண் ஓடி வந்து, கோவலன் வாயிலில் நிற்கிறான் என்கிறாள். கணவனைத் தவிர வேறு தெய்வம் தொழாத கற்பு என்று பழைய முறையில் விளக்குவார்கள். எனக்கு வேறு ஒன்றும் கேட்கிறது: திரும்ப வர மனமில்லாதவனைத் தெய்வத்தைக் கொண்டு இழுத்து வர வேண்டுமா என்ற ரோஷம். இளங்கோ விளக்கவில்லை, அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது, புகாரில் காமனுக்குக் கோயில் இருந்ததை நூல் இயல்பாகச் சொல்லிப் போகிறது என்பது.

கண்ணகி மறுத்ததை ஆண்டாள் செய்தாள். மார்கழியில் 30 பாசுரம் திருப்பாவை பாடி முடித்தவள், நாச்சியார் திருமொழியின் முதல் பத்திலேயே "தை ஒரு திங்களும்" என்று தொடங்கி மன்மதனுக்கு நோன்பு இருக்கிறாள். தரையை மெழுகிக் கோலம் போட்டு, "அனங்கதேவா" என்று கூப்பிட்டு, உன்னையும் உன் தம்பியையும் தொழுதேன், என்னை வேங்கடவனுக்கென்று விதித்துவிடு என்கிறாள். சுவரில் அவன் பெயரை எழுதி, மீன் கொடியும் குதிரையும் சாமரம் வீசும் பெண்களும் கரும்பு வில்லும் வரைகிறாள். ஒரு பெண் பிள்ளை காதலித்தவனுக்காகச் சுவரில் படம் வரைந்த காட்சி இது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் கரி வாசனை போகவில்லை. "மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன் கண்டாய் மன்மதனே" என்று சொல்வதும் இங்கேதான். திருமாலைத் தவிர வேறு தெய்வம் தொழாத வைணவர்களுக்கு இது பெரிய சங்கடமாக இருந்தது. உரைகாரர்கள் மறைக்கவில்லை, எதிர்கொண்டார்கள். காதல் முற்றியவளுக்கு யாரைத் தொழலாம், யாரைத் தொழக்கூடாது என்ற கணக்கு நிற்காது என்பதுதான் அவர்கள் கண்ட சமாதானம். ராமனுக்காக அயோத்தி மக்கள் எல்லாத் தெய்வங்களையும் வேண்டியதை ஒப்பாகக் காட்டினார்கள். நான் படித்தவற்றில் மன்மதனுக்குக் கிடைத்த மிக உயர்ந்த பூசை இதுவே. அவனிடம் கேட்கப்பட்டதோ கடவுளையே.

அப்படியானால் அந்த வழிபாடு எங்கே போனது? ஒரு பகுதி அம்மனிடம் போய்ச் சேர்ந்தது என்பது என் எண்ணம். காஞ்சி காமாட்சியின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பாசமும் அங்குசமும் இரண்டு கைகளில், மற்ற இரண்டில் கரும்பு வில்லும் பூ அம்புகளும். மன்மதனின் அதே ஆயுதங்கள். லலிதா சகஸ்ரநாமம் அந்த வில் மனம், அந்த ஐந்து அம்புகள் சுவை, ஒளி, ஊறு (தொடுகை), ஓசை, நாற்றம் (மணம்) என்ற ஐம்புலப் பொருள்கள் என்று பெயராகவே சொல்கிறது. இன்னொரு பெயர் சிவனின் கண் நெருப்பில் எரிந்த காமனை உயிர்ப்பித்த மருந்து அவள் என்கிறது. சௌந்தர்யலஹரியின் ஆறாம் பாடல் கேட்கிறது: பூவால் வில், வண்டால் நாண், வசந்தம் துணை, தென்றல் தேர், உடம்பும் கிடையாது, இவன் எப்படித் தனியாக உலகை வெல்கிறான்? மலைமகளே, உன் கடைக்கண் பார்வை கொஞ்சம் கிடைத்ததால்தான் என்று அதுவே பதில் சொல்கிறது. ஆதிசங்கரர் பாடியது என்பது மரபு. ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. இதே மரபில் இன்னொரு கதையும் உண்டு. மன்மதனின் சாம்பலைத் திரட்டி ஒருவர் பொம்மை செய்ய, அதுவே பண்டாசுரன் என்ற அரக்கனாகி உலகை வாட்டியது, அவனைக் கொல்லத்தான் லலிதை தோன்றினாள் என்பது. எரித்ததால் சிக்கல் தீரவில்லை, சாம்பலிலிருந்து இன்னும் கொடியது எழுந்தது. அதை அடக்கியவள் வந்து மன்மதனை உயிர்ப்பித்தாள். உங்கள் கடைசிக் கேள்விக்கு, ஆசையை என்ன செய்வது என்பதற்கு, இந்தக் கதையை மிஞ்சிய பதில் எனக்குத் தெரியாது.

ராதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாகவதத்தில் ராதையின் பெயர் இல்லை. பெயர் சொல்லாத ஒரு கோபியைப் பின்னால் வந்தவர்கள் ராதை என்று கண்டார்கள். பெயர் அதற்கு முன்பே பிராகிருதக் காதல் பாடல்களில் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் ஜெயதேவரின் கீதகோவிந்தம்தான் அவளை நடுவில் கொண்டு வந்து நிறுத்தியது. சைதன்யர் வழிவந்த வங்காள வைணவர்கள் ஒரு வரையறை செய்தார்கள்: தன் புலன்களின் இன்பத்துக்காக விரும்புவது காமம், கிருஷ்ணனின் இன்பத்துக்காக விரும்புவது பிரேமை. ராதை அந்தப் பிரேமையின் வடிவம். அவர்கள் ஜெபிக்கும் காம காயத்ரியில் வரும் காமதேவன் கிருஷ்ணனே, மதனனையும் மயக்குகிற மதனமோகனன். வேறொரு வழியிலும் மன்மதன் கிருஷ்ணனிடம் வந்து சேர்கிறான். எரிந்தவன் கிருஷ்ணனுக்கும் ருக்மிணிக்கும் மகனாகப் பிரத்யும்னன் என்ற பெயரில் பிறந்ததாகவும், சம்பரன் என்ற அசுரன் வீட்டில் மாயாவதி என்ற பெயரில் காத்திருந்த ரதி அவனை அடையாளம் கண்டதாகவும் பாகவதம் சொல்கிறது. ஆகவே ராதை கிருஷ்ணனைக் காதல் தெய்வங்கள் என்று நண்பரிடம் தாராளமாகச் சொல்லலாம். காதலைக் கொடுக்கிற தெய்வங்கள் என்பதைவிடக் காதலிக்கிற தெய்வங்கள் என்று சொன்னால் இன்னும் சரி.

அந்த வேறுபாடு தமிழ்நாட்டில்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வந்து தினைப்புனத்தில் வள்ளியைக் கெஞ்சுகிறான், அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து உதவுகிறார். மன்மதன் தேவைப்படவில்லை. பரிபாடலின் ஒன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து முருகனைப் பாடும்போது, ஊரறிய நடந்த தேவசேனையின் கற்பு மணத்தோடு, மறைவான காதலில் தொடங்கிய வள்ளியின் களவு மணத்தை வைத்துப் பேசி, களவின் பக்கம் சாய்ந்து, தமிழின் பொருளிலக்கணத்தை ஆராயாதவர்க்கு இந்தக் குன்றத்தின் பயன் கிடைக்காது என்றே சொல்கிறது. காதலைப் பாடும் அகப்பாட்டு தெரியாதவனுக்கு இந்தக் கடவுள் புரியமாட்டான் என்கிறார் புலவர்.

அப்புறம் கோயில்களில் அன்றாடம் நடப்பவை. மதுரையில் தினமும் இரவு சொக்கரின் பாதங்கள் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகின்றன. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல்; அது நடக்கும் தெருவுக்கே திருவூடல் தெரு என்று பெயர். தூது போய்ச் சமாதானம் பேசுபவர் சுந்தரர். திருவரங்கத்தில் பங்குனி விழாவில் நம்பெருமாள் உறையூர் நாச்சியாரிடம் போய்விட்டு வருகிறார். தாயார் சன்னதியில் கதவைச் சாத்திவிடுவார்கள். பெருமாள் வந்து நிற்க, பூப்பந்தும் மட்டையும் அவர்மேல் விழும், நம்மாழ்வார் வந்து சொல்லிச் சமாதானம் ஆகும். அன்றுதான் இருவரும் ஒன்றாக வீற்றிருக்கும் சேர்த்தி, பங்குனி உத்திரம். வள்ளுவர் காமத்துப்பாலை ஊடலுவகையில் முடித்ததும் இதுவும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன்.

இடையில் ஒன்று கேட்டிருந்தீர்கள், காமதேவ மந்திரத்தை இத்தனை முறை சொன்னால் விரும்பியவர் வசமாவார் என்கிறார்களே, உண்மையா என்று. அதர்வ வேதத்தில் அப்படிப்பட்ட வேண்டுதல் பாடல்கள் இருப்பது உண்மை, மேலே சொன்னேன். ஆனால் ஒருவர் மனத்தைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். அவர்கள் சொல்லும் எண்ணிக்கைக்கும் கட்டணத்துக்கும் வேதம் பொறுப்பல்ல. மனம் நொந்திருந்து கேட்டிருந்தால், ஆண்டாளின் அந்தப் பத்துப் பாசுரங்களை வாய்விட்டுப் படியுங்கள். அர்த்தம் புரியாத இடத்தைக் கேளுங்கள், சொல்கிறேன்.

நண்பர் தமிழ்நாட்டுக்கு வந்தால் முதலில் காஞ்சிக்குக் கூட்டிப்போய்க் காமாட்சி கையில் இருக்கும் கரும்பைக் காட்டுங்கள். பிறகு தெற்கே தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்கோ, திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரத்துக்கோ போங்கள். அங்கே தூண்களில் மன்மதனும் ரதியும் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள், உடம்போடு.